துருவேறிய பழைய லோடு வண்டிக்கு நாமே பெயிண்ட் அடிப்பது: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

உவரி, கூத்தங்குழி பக்கமிருந்து மீன் ஏற்றி வரும் பழைய குட்டி யானைக்கு (டாடா ஏஸ் லோடு வண்டி) பின்னால் போனால் தெரியும், பின்கதவு இடுக்கிலிருந்து ரோடு நெடுக நீர் சொட்டிக்கொண்டே போகும். ஐஸ் உருகிய நீர்தான். ஆனால் உப்பையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு வருகிற நீர். ரோட்டில் விழுவது போக மிச்சம் வண்டித் தளத்தின் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. களக்காட்டு வாழைத்தார் வண்டிக்குத் தண்டிலிருந்து வடியும் ஈரம், அம்பாசமுத்திரம் பக்கத்து வயல் வண்டிக்கு யூரியாச் சிந்தலும் ஈரத் தொழு உரமும். எந்த லோடு ஓட்டினாலும் தகட்டுக்கு ஒரு எமன் கூடவே வருகிறான்.

பட்டறையில் விட்டால் என்ன நடக்கிறது? மேலாகத் தேய்த்து, ஓட்டையில் பட்டியை (குழி நிரப்பும் பசை) அப்பி, பளபளவென்று அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளித்து நிற்கும். துரு, அது தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளே வளர வளர மேலே உள்ள பெயிண்டைத் தள்ளித் தூக்கும். பெயிண்டைக் குறை சொல்லிப் புண்ணியம் இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உழைப்பில் முக்கால்வாசியைத் துரு எடுப்பதில் போடுங்கள், பெயிண்ட் மலிவானதாகவே இருக்கட்டும். கம்பிரசர் வேண்டாம், ஸ்ப்ரே கன் வேண்டாம். வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற எனாமலும் நாலு அங்குல ஃபோம் ரோலரும் போதும். ஷோரூம் பளபளப்பு வராது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நல்ல வண்டி என்று தோன்றும். சம்பாதித்துக் கொடுக்கிற வண்டிக்கு அது போதும்.

எந்த மாதத்தில் இறங்குவது

தை பாதியிலிருந்து பங்குனி முடிய நல்ல காலம். பனி குறைந்திருக்கும், காற்று எழும்பியிருக்காது. வைகாசி கடைசியில் மேற்கிலிருந்து காற்று பிடித்துவிட்டால் வள்ளியூர், ராதாபுரம் பக்கமெல்லாம் புழுதிதான். ஆடி முடிகிற வரை வெளியில் பெயிண்ட் அடித்தால் அது உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். தென்காசி பக்கம் அதே சமயத்தில் சாரல். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு மழை, கேட்கவே வேண்டாம். மார்கழியில் மழை விட்டாலும் பனி இருக்கிறது. சாயந்திரம் அடித்த எனாமல் காய்வதற்குள் பனி இறங்கினால் மினுமினுப்பு செத்து வெளிறிப்போகும்.

நாளிலும் நேரம் இருக்கிறது. நம் ஊர்ப் பங்குனி வெயிலில் மதியம் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ரோலரை இழுத்தால் பெயிண்ட் பரவுவதற்கு முன்னேயே இறுகிப்போகும், கொப்புளமும் வரும். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, தகடு சுடுவதற்குள் முடித்துவிடுங்கள். வேப்பமர நிழல் வசதிதான். ஆனால் பூ உதிர்கிற மாதத்தில் மரத்தடியில் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். ஓலைக் கொட்டகையோ தார்ப்பாய்ப் பந்தலோ மேல்.

முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு சுற்று

கண்ணுக்குத் தெரிகிற துருவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். கொப்புளம் இருக்கிற இடமெல்லாம் குத்திப் பாருங்கள். தட்டினால் 'டங்' என்றால் தகடு இருக்கிறது. 'பொத்' என்றால் வெறும் துருவும் பெயிண்டும்தான் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: கதவின் அடி விளிம்பு, மிதியடி ரப்பருக்குக் கீழே உள்ள கேபின் தளம், சக்கர வளைவின் உள்பக்கம், மட் ஃபிளாப் திருகியிருக்கும் இடம், முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், பின்கதவுக் கீல், லோடு தளத்தில் தகடும் குறுக்குச் சட்டமும் சேரும் மடிப்பு. பேட்டரித் தட்டை மறக்கக் கூடாது; ஆசிட் ஆவி பட்டு அது தனியாக அரித்திருக்கும்.

கதவு அடியில் துரு வர முதல் காரணம் வடிகால் துளை. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். புழுதியும் பழைய பெயிண்டும் சேர்ந்து அடைத்துவிட்டால் கதவு தொட்டியாகிவிடும். ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். கடைசியில் பெயிண்ட் அடித்த பிறகு இன்னொரு தடவை குத்துங்கள்.

பார்த்ததை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாக்பீஸால் வண்டியிலேயே குறியிடலாம். ஒன்று, மேல் துரு: செந்நிறமாகப் படிந்திருக்கும், தேய்த்தால் தகடு தெரியும். இரண்டு, பொரிந்த துரு: செதில் செதிலாகக் கழன்று குழி விழுந்திருக்கும், ஆனால் தகடு கெட்டியாக நிற்கும். மூன்று, ஓட்டை. முதல் இரண்டும் உங்கள் வேலை. மூன்றாவதில் பாதி உங்கள் வேலை, பாதி வெல்டர் வேலை.

அந்தப் பிரிவினையைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், கேபினைச் சேஸிஸோடு இணைக்கும் மவுண்டுகள், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் ஆகியவற்றில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் பட்டியையும் ரிவெட்டையும் கீழே வையுங்கள். அனுபவமுள்ள வெல்டரிடம் போங்கள். முழு லோடு ஏற்றிக்கொண்டு பணகுடி பக்கம் நாலுவழிச்சாலையில் போகிற வண்டி அது.

என்னென்ன வாங்குவது

குட்டி யானை அளவு வண்டிக்கு, கேபின் வெளிப்புறமும் லோடு பாடியின் வெளிப்பக்கமும் அடிக்க, மெட்டல் பிரைமர் 2 லிட்டர், எனாமல் 3 லிட்டர், டர்பன்டைன் 2 லிட்டர், துடைக்க என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் 1 லிட்டர், ஹார்டனரோடு (இறுகவைக்கும் கலவை) கூடிய பட்டி 1 கிலோ போதும். உப்புத்தாள் 60, 80, 120, 180 நம்பர்கள். வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 320, 400. ஃபோம் ரோலர் ஒன்றுக்கு நாலைந்து கூடுதல் உறை. இரண்டு அங்குல நல்ல பிரஷ் ஒன்று, கம்பி பிரஷ் இரண்டு, மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், இடுக்கை அடைக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட் ஒரு குழாய், துருவைக் கெட்டிப்படுத்தும் ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு பாட்டில். ஆங்கிள் கிரைண்டர் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும். அதற்குக் கம்பிக் கப் பிரஷும் ஃபிளாப் டிஸ்க்கும் புதிதாக வாங்குங்கள். கண்ணாடி, மாஸ்க், கையுறை சேர்த்துக் கடைக்கும் கம்பெனிக்கும் தகுந்தபடி 4,000 முதல் 6,000 ரூபாய்க்குள் அடங்கும். வெல்டிங் கூலி தனி.

பெயிண்டுக் கடையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, இது வண்டிக்கு, எனாமல் அடிக்கப் போறேன், அதுக்குத் தோதான பிரைமரும் டர்பன்டைனும் குடுங்க." என்.சி. தின்னரை எனாமலில் கலந்துவிடக் கூடாது. எனாமல் அடித்த தகட்டின் மேல் என்.சி. பெயிண்ட் அடித்தாலும் அடிப்பூச்சு சுருங்கிச் சுருண்டு எழும். எனாமல் என்று முடிவு செய்தால் அடி முதல் மேல் வரை அந்தக் குடும்பத்திலேயே நில்லுங்கள்.

பிரைமரில் ரெட் ஆக்ஸைடுதான் மலிவு. ஜிங்க் பாஸ்பேட் கலந்த ரெட் ஆக்ஸைடு கொஞ்சம் கூட விலை. கடற்கரை லோடு ஓட்டுகிறவர்கள் அதையே வாங்குங்கள், அந்தக் கூடுதல் காசு வீண் போகாது. இன்னும் நல்லது எபாக்ஸி பிரைமர், ஆனால் இரண்டு டப்பாவைக் கலந்து நேரத்துக்குள் அடிக்கத் தெரிய வேண்டும். மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமர் பழைய பெயிண்டர்களுக்குப் பிரியமானது. துருவைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் வரவழைப்பது. அதைத் தேய்த்த தூள் மூச்சில் போகக் கூடாது. வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

இரண்டு பாகம் கலந்து ஸ்ப்ரே செய்கிற பி.யூ. பெயிண்டும் வீட்டில் வேண்டாம். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க்கெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நிறம்? பழைய நிறத்தையே அடியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் பதிவாகியிருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிவையும் மாற்ற வேண்டும். தவிர, பழைய நிறமே என்றால் கதவு இடுக்கு, எஞ்சின் பக்கமெல்லாம் அடிக்காமல் தப்பிக்கலாம்.

கழுவுவது: அலட்சியம் பண்ணுகிற முதல் இடம்

வண்டியை டீசல் போட்டுத் துடைத்து மினுக்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதுதான் பெயிண்டுக்கு முதல் எதிரி. தேங்காய் எண்ணெய், டேஷ்போர்டு பாலிஷ், முன்பக்கத்தில் அப்பிய சந்தனம் குங்குமத்தின் எண்ணெய்க் கறை எல்லாம் அதே வகை. இவற்றின் மேல் அடித்தால் பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி, மீன் கண் மாதிரி குழிகள் விழும்.

முதலில் பம்பர், லைட், கண்ணாடிப் பிடி, நம்பர் பிளேட், மட் ஃபிளாப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒட்டி மறைப்பதைவிடக் கழற்றுவது எப்போதும் லாபம். திருகுகளைத் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு எழுதி வையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து முழு வண்டியையும் தேய்த்துக் கழுவுங்கள். வாழைக்கறை போகாது, அதைப் பின்னால் உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணறு பெரும்பாலும் உப்புக் கரிக்கும். கடைசி அலசலுக்காவது தாமிரபரணிக் குடிநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பை மேலே விட்டுவிட்டு அதன்மேல் பிரைமர் அடித்தால், அந்த உப்பு பூச்சுக்கு ஊடாக ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

காய்ந்த பிறகு என்.சி. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். ஒரு துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியானால் எண்ணெய் இடம்தான் மாறும். பழைய பெயிண்ட் துணியில் கரைந்து பிசுபிசுவென்று வந்தால், யாரோ முன்பு என்.சி. அடித்திருக்கிறார்கள்; அங்கே தின்னரை நிறுத்திவிட்டு டர்பன்டைனால் துடைத்தால் போதும். கடைசிச் சோதனை: தகட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தாள் போலப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. தின்னர் டப்பா திறந்திருக்கும் இடத்தில் பீடி, சிகரெட், சாம்பிராணி எதுவும் கூடாது.

துரு எடுப்பது

இதில்தான் கை வலிக்க வேண்டும். கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டி முதலில் செதில்களைப் பறக்க விடுங்கள். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். பிரஷில் எழுதியிருக்கும் வேகம் அதற்குக் குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள். அறுந்த கம்பிகள் ஊசியாகப் பாயும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. கிரைண்டர் பொறி வண்டிக் கண்ணாடியில் பட்டால் உருகி ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் தங்கிவிடும், கண்ணாடியை ஈரச் சாக்கால் மூடிக்கொள்ளுங்கள். டீசல் டேங்க் பக்கம் கிரைண்டரே வேண்டாம். கை பிரஷ் போதும்.

கப் பிரஷ் துருவை மினுக்கிவிட்டு நல்ல தகடு போலக் காட்டும். ஏமாறாதீர்கள். குழிகளின் அடியில் கறுப்பாகத் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கை லேசாகச் சாய்த்து ஓட்டி, வெள்ளித் தகடு தெரிகிற வரை எடுங்கள். ஒரே இடத்தில் அழுத்தி நிற்காதீர்கள், மெல்லிய தகடு சூட்டில் வளைந்துகொள்ளும். துரு கண்ட இடத்தைச் சுற்றி இன்னும் இரண்டு அங்குலம் பெயிண்டை எடுத்துப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் துரு ஊர்ந்து போயிருப்பது அப்போதுதான் தெரியும். பிறகு 80, 120 உப்புத்தாளால் பழைய பெயிண்டின் விளிம்பைச் சரித்துத் தேயுங்கள். கண்ணை மூடி விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கு மட்டும். பழைய வண்டியில் மஞ்சள், ஆரஞ்சு அடுக்குகள் இருந்தால் வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்த்துவிடுங்கள். ஆட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் இந்த வேலை ஆகாது.

எட்டாத குழிகளுக்கும் மடிப்புகளுக்கும் ரஸ்ட் கன்வர்ட்டர். இவற்றில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். டானின் இரும்புத் துருவோடு சேர்ந்தால் கருநிறமாகிக் கெட்டிப்படும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். தளர்ந்த துருவை எடுத்த பிறகே பூச வேண்டும். செதில் மேல் பூசினால் செதிலோடு கழன்று வரும். பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடி கழுவியோ துடைத்தோ முடியுங்கள். கழற்றி எடுத்த கீல், கொக்கி போன்ற சின்ன உருப்படிகளுக்கு அதுகூட வேண்டாம். கெட்டியான புளிக்கரைசலில் இரவு முழுக்க ஊறப்போட்டுக் காலையில் தேய்த்தாலே துரு இளகிவிடும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டால் துரு போகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். போகும்தான். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குளோரைடை மடிப்புக்குள் விட்டுவிட்டுப் போகும், மறுவாரமே பழையதைவிட வேகமாகத் துரு எழும். பேட்டரி ஆசிட்டும் அப்படித்தான், தோலையும் சேர்த்து எரிக்கும்.

வெறுந்தகடு தெரிந்துவிட்டால் அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். கடலோர ஊர்களில் ஒரு ராத்திரி விட்டாலே செந்தூளாகப் பூத்துவிடும். ஆகவே முழு வண்டியையும் ஒரே மூச்சில் தேய்த்துப் போடாதீர்கள். ஒரு நாள் இடக் கதவும் அந்தப் பக்க வளைவும், மறுநாள் மற்றது என்று துண்டு துண்டாகத் தேய்த்துப் பிரைமர் வரை கொண்டுவந்து விடுங்கள். நடுவில் லோடு வந்தாலும் போய்விட்டு வரலாம்.

ஓட்டைகள்

எம்-சீல், செய்தித்தாள் உருண்டை, அதன்மேல் பட்டி என்று அடைத்த ஓட்டைகளை நிறையப் பார்க்கலாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு இருந்தால் கொஞ்ச நாளில் பட்டி முழுசாகப் பெயர்ந்து கையோடு வரும்.

சரியான வழி, ஓட்டையைச் சுற்றி மெலிந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல தகடு கிடைக்கிற இடத்தில் ஒட்டுப் போடுவது. கதவுக்கும் சக்கர வளைவுக்கும் 20 கேஜ் தகடு பொருந்தும், லோடு தளத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் செக்கர் பிளேட். எண்ணெய் டின் தகடெல்லாம் காகிதம். வெல்டிங் என்றால், தகட்டை நீங்களே வெட்டி, சுத்தம் செய்து, வைத்துப் பார்த்துக் கொண்டுபோங்கள். கூலி பாதியாகக் குறையும். பற்ற வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். கால் மிதியையும் சீட்டையும் எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். கால்வனைஸ் தகட்டைப் பற்றவைத்தால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சல் வரவழைக்கும், கறுப்புத் தகடே போதும்.

பாரம் தாங்காத இடங்களுக்கு, அதாவது கதவுத் தோல், வளைவின் விளிம்பு, பாடியின் பக்கத் தகடு ஆகியவற்றுக்கு, பாப் ரிவெட் போதுமானது. ஒட்டுத் தகடு ஓட்டையைவிட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். இரண்டு முகத்துக்கும் பிரைமர் அடித்துக் காயவிட்டு, விளிம்பில் பி.யூ. சீலண்டை ஓட்டி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு ரிவெட் அடியுங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் இடுக்குக்குள் போகாதபடி, கூரை ஓடு வேய்கிற முறையில் மேல் தகடு வெளியே வர வேண்டும். பாத்ரூம் சிலிக்கானை இங்கே பயன்படுத்தாதீர்கள். காடி வாடை அடிக்கிற அந்த வகை, இறுகும்போது அமிலம் விடும், தகட்டை அரிக்கும்; அதன்மேல் பெயிண்டும் நிற்காது.

பட்டி பார்ப்பது

சுத்தமான தகட்டில் அல்லது நன்கு காய்ந்த எபாக்ஸி பிரைமரில் மட்டும் பட்டி. ரெட் ஆக்ஸைடின் மேல் பட்டி இழுத்தால் பிடிமானம் போதாது. ஹார்டனர் எடையில் 2 சதவீதம் அளவு. நம் ஊர் வெயிலில் கலந்த ஐந்து பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும், எனவே எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள். மெல்லிசாக இரண்டு மூன்று இழுப்பு. மொத்தக் கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் வண்டி குலுங்குகிற குலுக்கலில் வெடிக்கும். 120, பிறகு 180 கொண்டு காய்ந்த நிலையிலேயே தேயுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பட்டி அதைக் குடித்துவிடும்.

லோடு வண்டியின் நெளிவுகளையெல்லாம் பட்டியால் நிரப்ப வேண்டாம் என்பது என் கட்சி. நெளிவு துருப் பிடிக்காது. அடுத்த வாரம் எவனாவது மூட்டையை இடித்து இன்னொரு நெளிவு வைப்பான்.

பிரைமர்

டப்பாவை அடி வரை கிளறுங்கள், ரெட் ஆக்ஸைடு அடியில் களியாகத் தங்கும். வெறுந்தகட்டுக்குப் பிரஷால் தேய்த்து அடிப்பதே நல்லது, குழிக்குள் இறங்கும். மடிப்புகளுக்கும் விளிம்புகளுக்கும் முதலில் தனியாக ஒரு கை (ஒரு பூச்சு), பிறகு முழுக்க ஒரு கை, மறுநாள் இன்னொரு கை. விளிம்பில்தான் பெயிண்ட் மெலிந்து நிற்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். பழைய பெயிண்ட் உறுதியாக இருக்கிற இடத்துக்குப் பிரைமர் வேண்டியதில்லை. 320 வாட்டர் பேப்பரால் மினுமினுப்பு போகத் தேய்த்தால் போதும்.

ரெட் ஆக்ஸைடு தண்ணீரைத் தடுக்கும் என்று நினைத்து அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. அது நுண்துளை உள்ள பூச்சு. ஈரம் உள்ளே போகும். மேலே எனாமல் ஏறினால்தான் அதற்கு முழு பலம்.

எனாமல்

கண்ணாடி ரப்பருக்கு ஒரு உபாயம்: மெல்லிய நைலான் கயிற்றை ரப்பரின் உதட்டுக்கு அடியில் சுற்றிச் செருகுங்கள். ரப்பர் சற்றுத் தூக்கி நிற்கும், பெயிண்ட் அதன் அடி வரை போகும். காய்ந்ததும் கயிற்றை உருவினால் கோடே தெரியாது. மற்றதை மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் ஒட்டி மறையுங்கள். தரையில் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும்.

ஒரு லிட்டர் எனாமலுக்கு 100 முதல் 150 மில்லி டர்பன்டைன். பழைய நைலான் சேலைத் துண்டால் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் டப்பா ஓரத்து ஆடை துணுக்கு துணுக்காகக் கதவில் வந்து ஒட்டும். புது ரோலரை மாஸ்கிங் டேப்பில் இரண்டு தடவை உருட்டினால் தளர்ந்த தூசு போய்விடும்.

கூரையில் தொடங்கி, தூண்கள், கதவுகள், முன்பக்கம், கடைசியில் லோடு பாடி. ஒரு கதவை ஆரம்பித்தால் முடிக்காமல் டீ குடிக்கப் போகக் கூடாது. ஓரம் காய்ந்துவிட்டால் சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். ரோலரால் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கடைசியில் மேலிருந்து கீழாக ஒரே திசையில் அழுத்தமில்லாமல் உருட்டி, உடனே பிரஷ் நுனியால் லேசாக வருடிவிடுங்கள். ரோலர் விட்ட குமிழிகள் உடைந்து பெயிண்ட் தானாகச் சமமாகும். முதல் கை அடித்ததும் அடி நிறம் தெரியும், திட்டுத் திட்டாக இருக்கும். பயந்துபோய் அதன்மேலேயே மறுபடி உருட்டினால் வழியும். விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் காயவிட்டு, 400 வாட்டர் பேப்பரால் தூசு முனைகள் போகிற அளவுக்குத் தடவித் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசிக் காயவைத்து இரண்டாவது கை. பெரும்பாலும் மூன்றாவதும் வேண்டியிருக்கும், வெளிர் நிறமானால் கட்டாயம் வேண்டும். மெலிதான மூன்று கை, தடித்த ஒரு கையைவிட வெகுகாலம் நிற்கும். தொட்டால் ஒட்டாத நிலை அன்றைக்கே வந்துவிடும். ஆனால் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை தார்ப்பாய்க் கயிற்றை உரசிக் கட்டாதீர்கள், டீசலைப் பட விடாதீர்கள். பெயிண்ட் துடைத்த துணிகளைக் குவித்துப் போடாமல் விரித்துக் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள். குவியல் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும்.

லோடு தளமும் அடிப்பக்கமும்

தளத்துக்கு எந்தப் பெயிண்டும் நிற்காது. செங்கலும் வாழைத்தாரும் இழுபடுகிற இடம். இரண்டு கை பிரைமரும் மிச்சமுள்ள எனாமலும் அடித்து, மடிப்புகளில் பி.யூ. சீலண்ட் ஓட்டிவிடுங்கள். மேலே பலகை போடுகிறவர்கள் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். ரப்பர் பாய் விரிப்பவர்கள் மீன், உர லோடு இறக்கிய பிறகு அதைச் சுருட்டி எடுத்துக் கழுவாவிட்டால், உப்புத் தண்ணீரை நாமே போர்த்தி வைத்துக் காப்பாற்றின மாதிரிதான்.

அடிப்பக்கத்துக்குத் துருவைச் சுரண்டிவிட்டு, பிரைமர் காய்ந்த பிறகு கறுப்புப் பிட்டுமினஸ் பெயிண்ட். துருவின் மேலேயே அதை அடித்தால் உள்ளே ஈரத்தைப் பூட்டிவிடும். கழிவு எஞ்சின் ஆயிலைத் தெளிக்கிற வழக்கமும் உண்டு. துரு கொஞ்சம் தள்ளிப்போகும் என்பது மெய்தான், ஆனால் புஷ் ரப்பர்களை ஊதவைக்கும், மழையில் வழிந்து மண்ணுக்கும் குளத்துக்கும் போகும், பிறகு எந்தப் பெயிண்டும் அங்கே ஒட்டாது. பிரேக் டிரம், சைலன்சர், புரொப்பல்லர் ஷாஃப்ட், கிரீஸ் நிப்பிள் எதிலும் பெயிண்ட் படக் கூடாது.

எஃப்.சி.க்குப் போகிறவர்களுக்கு

எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. அதற்குச் சில வாரம் முன்பு இந்த வேலையை முடித்தால் இரட்டை லாபம். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது, தடித்த பெயிண்டும் பூசாதீர்கள். பென்சில் பிரிண்ட் எடுக்க எண் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே கை பிரஷால் துடைத்து மெல்லிசாக ஒரு கை போதும். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பழையதை உரித்துவிட்டு, எனாமல் நன்றாக இறுகிய பிறகு புதிதாக ஒட்டுங்கள். அவசரப்பட்டு ஒட்டினால் அடுத்த தடவை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். மஞ்சள் பலகை நம்பர் பிளேட்டைப் பெயிண்டுக்கு முன்பே கழற்றிவிட்டீர்கள் அல்லவா, திருகுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

பிறகு

மிஞ்சின எனாமலைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் ஆடை கட்டிப் பாழாகும். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி, தலைகீழாக வையுங்கள். பிரைமரும் அப்படியே. டூல் பெட்டியில் ஒரு சின்ன பிரஷும் ஒரு துண்டு உப்புத்தாளும் கிடக்கட்டும். கல் தெறித்தோ மூட்டை உரசியோ தகடு தெரிந்தால் அந்த வாரமே தேய்த்து ஒரு பொட்டுப் பிரைமர், மறுநாள் ஒரு பொட்டு எனாமல். மீனோ உப்போ உரமோ இறக்கிய நாளில் தளத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவி, பின்கதவைத் திறந்துபோட்டு, முன் சக்கரம் கொஞ்சம் மேடாக இருக்கும்படி நிறுத்தினால் மடிப்புத் தண்ணீர் தானே வடிந்துவிடும்.